லாசிக் பண்ணலாமா? ஈஎம்ஐ-யில் கையெழுத்து போடும் முன் இந்த மைக்ரான் கணக்கைப் பாருங்க

போன வார வீடியோவில் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' கணக்கை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனேன். கண்ணுக்குள் என்ன நடக்கிறது, எதுக்கு இவ்வளவு காசு என்பதை வீடியோவில் சொல்ல நேரம் போதவில்லை. அந்த மீதிக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

முதலிலேயே ஒன்று: நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. கண்ணைப் பற்றிய முடிவை உங்கள் கண் டாக்டர்தான் எடுக்கணும். அந்த டாக்டரிடம் என்ன கேள்வி கேட்பது, எந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்குவது, எந்தப் பணத்தில் செய்வது, இது மூன்றுக்கும் இந்தக் கட்டுரை உதவும்.

தம்பியின் போன்

என் சித்தி பையனுக்கு 24 வயசு. சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் ப்ரீ-பிரஸ் வேலை. கையில் வரும் சம்பளம் 24,000. எட்டாவது படிக்கும்போதே கண்ணாடி போட்டவன். சித்தி பொண்ணு பார்க்க ஆரம்பித்ததும் இவனுக்குக் கண்ணாடியைக் கழற்றணும் என்று ஆசை வந்துவிட்டது.

"அண்ணே, கம்பெனியில கண் கேம்ப் போட்டாங்க. லாசிக் பண்ணிரலாம்னு சொல்லிட்டாங்க. 96,000 ரூபா. மாசம் 8,000 வீதம் 12 மாசம், வட்டியே கிடையாதாம். லோனுக்கு நீங்க ஒரு சைன் மட்டும் போடணும்."

"சைன் போடறேன்டா. ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பு."

"ஸ்கேன் எல்லாம் எடுக்கலண்ணே. பவர் மட்டும் பார்த்தாங்க. ஸ்கேன் ஆபரேஷன் அன்னைக்குத்தானாம்."

நான் அங்கேதான் நின்றேன். பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காமல் கடனுக்கு ஜாமீன் போட மாட்டேன். கண்ணுக்கும் ஒரு பேலன்ஸ் ஷீட் உண்டு. அதில் இருக்கும் சொத்து ஒன்றே ஒன்று: கார்னியாவின் தடிமன்.

லேசர் என்ன பண்ணுது?

கண்ணின் முன்பக்கம் இருக்கும் கண்ணாடி மாதிரியான படலம்தான் கார்னியா, தமிழில் கருவிழிப் படலம். கண்ணின் மொத்த பவர் சுமார் 60 டையாப்டர் என்றால், அதில் 43 டையாப்டர் இந்தப் படலத்தின் வளைவிலிருந்து மட்டும் வருகிறது. மீதி உள்ளே இருக்கும் லென்ஸின் வேலை. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, அதாவது மைனஸ் பவர்காரர்களுக்கு, பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கார்னியாவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் பிம்பம் பின்னால் நகர்ந்து சரியான இடத்தில் விழும். லாசிக் என்பது இவ்வளவுதான். மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் லென்ஸின் வடிவத்தைக் கார்னியாவிலேயே செதுக்கிவிடுகிறார்கள்.

செதுக்க எவ்வளவு இடம் இருக்கு? சராசரி கார்னியாவின் நடுத் தடிமன் 520 முதல் 540 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவகாசிக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். 80 ஜிஎஸ்எம் பேப்பர் ஒரு ஷீட் ஏறக்குறைய 100 மைக்ரான். உங்க கார்னியா மொத்தமே ஐந்து ஷீட் பேப்பர் கனம். அந்த ஐந்து ஷீட்டுக்குள்தான் எல்லா விளையாட்டும்.

சுடாத லேசர்: ஒரு சென்னைக்காரரின் கண்டுபிடிப்பு

லேசர் என்றதும் நம்ம ஊரில் பலருக்கு வரும் பயம், "கண்ணைச் சுட்டுருமே". பட்டாசு ஆபீஸ் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தீ என்ன செய்யும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சாதாரண லேசர் உண்மையிலேயே சுடும். சுடாத லேசர் கிடைத்த கதையில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார்.

ரங்கசாமி சீனிவாசன். 1929-ல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் முடித்து, 1961 முதல் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை. புற ஊதா ஒளி பட்டால் கரிமப் பொருட்களுக்கு என்ன ஆகிறது என்பது அவருடைய துறை. ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் இருவரும் கூட வேலை செய்தவர்கள். அவர்களிடம் ஆர்கான் ஃப்ளோரைடு வாயுவில் இயங்கும் எக்ஸைமர் லேசர் ஒன்று இருந்தது. அலைநீளம் 193 நானோமீட்டர். பிளாஸ்டிக்கில் அது ரொம்பச் சுத்தமாகப் பள்ளம் வெட்டுவதைக் கவனித்தார்கள். உயிர்த் திசுவிலும் இப்படி வெட்டுமா என்று சந்தேகம் வந்தது.

1981 நவம்பர். அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து முடிந்த மறுநாள், சீனிவாசன் வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். எக்ஸைமர் லேசர் பட்ட இடத்தில் சுத்தமான வெட்டு. ஓரத்தில் கருகல் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிற லேசர் அடித்த இடம் கருகிப் போயிருந்தது.

காரணம் இதுதான். 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு துகளிலும் இருக்கும் ஆற்றல், திசுவின் மூலக்கூறுகளைக் கட்டி வைத்திருக்கும் கார்பன் பிணைப்பை நேரடியாக உடைக்கப் போதுமானது. உடைந்த துணுக்குகள் வாயுவாகப் பறந்துவிடும். ஒளி மேல்பரப்பிலேயே உறிஞ்சப்படுவதால் வெப்பம் கீழே இறங்க நேரமில்லை. ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான்தான் போகும். ஷீட் பேப்பர் கனத்தில் நானூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்க.

1983-ல் ஸ்டீஃபன் டிரோகெல் என்ற கண் மருத்துவரும் சீனிவாசனும் சேர்ந்து கார்னியாவில் இதைப் பயன்படுத்துவது பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1995-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பார்வைத் திருத்தத்துக்கு எக்ஸைமர் லேசரை அனுமதித்தது. 2013-ல் சீனிவாசன், வின், ப்ளம் மூவருக்கும் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தார். கூடுதலாக ஒரு தகவல்: கம்ப்யூட்டர் சிப்களில் நுண்ணிய கோடுகளைப் பதிக்கவும் இதே 193 நானோமீட்டர் ஒளிதான் பயன்படுகிறது.

நாலு வகை, நாலு விலை

சென்டரில் கொடுக்கும் ரேட் கார்டில் பெயர்கள் நிறைய இருக்கும். உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

பிஆர்கே: இதுதான் முதலில் வந்தது. கார்னியாவின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு, நேராக எக்ஸைமர் லேசரால் செதுக்குவார்கள். மேல்தோல் சில நாளில் தானாக வளர்ந்துவிடும். அந்த மூன்று நாலு நாள் நல்ல வலி, எரிச்சல். பார்வை முழுக்கத் தெளிய சில வாரம் ஆகும். பொதுவாக ரேட் கார்டில் கீழே இருப்பது இதுதான்.

லாசிக்: கார்னியாவில் மெல்லிய ஒரு மூடியை, ஃப்ளாப் என்பார்கள், வெட்டித் திறந்து, அடியில் எக்ஸைமரால் செதுக்கி, மூடியைத் திரும்ப வைத்துவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளிவு. வலி குறைவு. மூடியைப் பிளேடால் வெட்டினால் ஒரு ரேட்.

ஃபெம்டோ லாசிக்: அந்த மூடியைப் பிளேடுக்குப் பதில் ஃபெம்டோசெகண்ட் லேசர் வெட்டும். ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதையும் பத்தாகப் பிரித்தால் வரும் நேரம்தான் ஒரு ஃபெம்டோசெகண்ட். இவ்வளவு குறுகிய துடிப்பை வலுவாக உருவாக்கும் வழியை 1985-ல் சொன்ன ஜெரார் மூரு, டோனா ஸ்ட்ரிக்லேண்ட் இருவருக்கும் 2018-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவர் கண்ணில் இந்த லேசர் தவறுதலாகப் பட்டு, அந்தக் காயம் வழக்கத்துக்கு மாறாகத் துல்லியமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் இது கண் சிகிச்சைக்கு வந்தது.

ஸ்மைல்: இதில் எக்ஸைமர் கிடையாது, மூடியும் கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கார்னியாவுக்கு உள்ளேயே லென்ஸ் வடிவில் ஒரு சிறு வில்லையை வெட்டும். 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக டாக்டர் அதை வெளியே இழுத்துவிடுவார். மூடி இல்லை என்றால் திசு எடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. வெளியே வரும் அந்த வில்லை உங்கள் கார்னியாதான்.

இது தவிர ஐசிஎல் என்று ஒன்று உண்டு. கார்னியாவைத் தொடாமல், கண்ணுக்குள் இயற்கை லென்ஸுக்கு முன்னால் இன்னொரு லென்ஸை வைப்பது. பவர் ரொம்ப அதிகம், கார்னியா ரொம்ப மெல்லிசு என்றால் டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். விலையும் பெரும்பாலும் லேசரைவிட அதிகம்.

எதுக்கு இவ்வளவு காசு?

ஆடிட்டர் கண்ணில் பார்த்தால் இதில் மூன்று செலவு இருக்கிறது. ஒன்று, மெஷின். அதன் விலையை எத்தனை கண்ணுக்குப் பிரிக்கிறோம் என்பதில்தான் ரேட் இருக்கிறது. இரண்டு, ஒவ்வொரு கண்ணுக்கும் போகும் செலவு. ஃபெம்டோ மெஷினில் கண்ணைத் தொடும் பாகம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடுவது. மூன்று, டாக்டர், டெக்னீஷியன், அறை.

இரண்டாவது செலவுக்கு ஒரு வரலாறே உண்டு. அமெரிக்காவில் ஆரம்பத்தில் சம்மிட், விஸ்எக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு சிகிச்சைக்கும் 250 டாலர் கட்டணம் வாங்கின. மெஷினைக் காசு கொடுத்து வாங்கிய டாக்டர், ஒவ்வொரு முறை லேசர் அடிக்கும்போதும் திரும்பக் கட்டணும். 1998-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இது போட்டியைக் கெடுக்கிறது என்று அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ஆக, புதிய பெயர் வந்ததும் விலை கூடுகிறது என்றால், அதில் எவ்வளவு உங்கள் பார்வைக்கு, எவ்வளவு லைசென்ஸுக்கு என்று கேட்பதில் தப்பில்லை.

முதல் செலவுக்கு நம்ம பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை ஆபரேஷனில் உலகத்துக்குக் காட்டியது இதைத்தான். எண்ணிக்கை கூடினால் ஒரு கண்ணுக்கான செலவு இறங்கும். 1992-ல் அவர்களே ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டு விலையில் வந்துகொண்டிருந்த உள்விழி லென்ஸை இங்கேயே குறைந்த செலவில் தயாரித்தார்கள். விலை அதிகம் என்றால் தரம் அதிகம் என்ற எண்ணத்தை அந்த வரலாறு உடைத்துவிட்டது. ரேட் கார்டைப் பார்க்கும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

தம்பியின் கார்னியா கணக்கு

சைன் போடுவதற்கு முன் தம்பியை மதுரையில் வேறொரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கார்னியாவின் முன்பக்கம், பின்பக்கம், தடிமன் மூன்றையும் வரைபடமாகக் காட்டும் ஸ்கேன் எடுத்தார்கள். பெண்டாகேம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வகை. ரிப்போர்ட்டில் மூன்று எண் முக்கியம்: பவர் மைனஸ் 6.5, தடிமன் 498 மைக்ரான், இருட்டில் கண்மணி விரியும் அளவு 7 மி.மீ.

எவ்வளவு செதுக்கணும் என்பதற்கு மன்னர்லின் சூத்திரம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 3-ஆல் வகுத்து, பவரால் பெருக்கணும். விடை மைக்ரானில் வரும். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், ஆனால் வாசலில் நின்று போடும் கணக்குக்கு இது போதும்.

6.5 மி.மீ. வட்டம்: 6.5 × 6.5 = 42.25. அதை 3-ஆல் வகுத்தால் சுமார் 14. அதை 6.5 பவரால் பெருக்கினால் ஏறக்குறைய 91 மைக்ரான்.

இப்போ லாசிக் என்றால்:
மொத்தத் தடிமன் 498
ஃப்ளாப் 110 கழித்தால் 388
செதுக்குவது 91 கழித்தால் 297

மூடியைத் திரும்ப வைத்தாலும் அது பழையபடி பலமாக ஒட்டுவதில்லை. அதனால் அதைத் தாங்கும் பகுதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அடியில் மிஞ்சும் 297 மைக்ரான்தான் கண்ணின் உள் அழுத்தத்தை ஆயுசு முழுக்கத் தாங்கணும். 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது குறைந்தபட்ச எல்லை. பல டாக்டர்கள் 300 இருந்தால்தான் நிம்மதி என்பார்கள். இன்னொரு அளவுகோலும் உண்டு. மூடியும் செதுக்கியதும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொட்டால் ஆபத்து கூடுகிறது. தம்பிக்கு 201-ஐ 498-ஆல் வகுத்தால் 40.4 சதவீதம்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்? பலம் குறைந்த கார்னியா மெதுவாக முன்பக்கம் புடைக்க ஆரம்பிக்கும். எக்டேசியா என்பார்கள். பார்வை திரும்ப மங்கும், கண்ணாடி போட்டாலும் சரியாகாது. விசேஷ கான்டாக்ட் லென்ஸ், கார்னியாவை இறுக்கும் சிகிச்சை, முற்றினால் கார்னியா மாற்று வரை போகும். இது அடிக்கடி வருவதில்லை. ஆனால் வந்தால் திரும்பப் போக வழியில்லை. சிலருக்கு ஆபரேஷன் இல்லாமலேயே கார்னியா இப்படிப் புடைக்கும், அதுக்குக் கெரடோகோனஸ் என்று பெயர். ஆரம்ப நிலையில் பவர் செக் பண்ணினால் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். அதனால்தான் ஸ்கேன் இல்லாமல் 'பண்ணிரலாம்' என்று சொன்ன கேம்ப்பை நான் நம்பவில்லை.

"வட்டத்தைச் சின்னதாக்கினா என்ன?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 6 மி.மீ. வட்டம் என்றால் ஒரு டையாப்டருக்கு 12 மைக்ரான், மொத்தம் 78 போதும். 13 மைக்ரான் மிச்சம். ஆனால் அவன் கண்மணி இருட்டில் 7 மி.மீ. விரியும். செதுக்காத ஓரம் வழியாகவும் வெளிச்சம் உள்ளே வரும். ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையமும் கூசலும் வரலாம். ஷிப்ட் முடிந்து சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு பைக்கில், எதிரே லாரி வெளிச்சத்தில் வருகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பிஆர்கே என்றால்? மூடி வெட்டுவதில்லை. மேல்தோல் சுமார் 50 மைக்ரான், செதுக்குவது 91. மிஞ்சுவது 357. கணக்கு நன்றாகவே இருக்கிறது. கேம்ப்பில் இதைப் 'பழைய டெக்னாலஜி' என்று சொல்லி ஒதுக்கியிருந்தார்கள். பழசுதான், விலையும் குறைவுதான், ஆனால் இவன் கண்ணுக்குப் பொருந்துவது அதுதான்.

பட்டாசு ஆபீஸில் குவாலிட்டி கன்ட்ரோல், லேப் வேலையில் இருப்பவர்கள், போலீஸ், ராணுவம், கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடிபடும் வாய்ப்பு உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கணும். லாசிக் மூடி பல வருஷம் கழித்தும் பலமான அடியில் நகரலாம். வேலையையும் விளையாட்டையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. யூனிஃபார்ம் வேலைக்குத் தயார் பண்ணுகிறவர்கள் அந்தத் தேர்வின் மருத்துவ விதியை முதலில் படிங்க. சில பணிகளில் ஆபரேஷன் நடந்த வயசு, கடந்த மாதங்கள், மிஞ்சிய தடிமன் எல்லாம் பார்ப்பார்கள்.

சிலிண்டர் பவரும் ரெஜிஸ்டர் மார்க்கும்

தம்பிக்கு நான் விளக்க முடியாமல், அவன் எனக்கு விளக்கிய பகுதி இது. நாலு கலர் பிரிண்டிங்கில் ஒவ்வொரு பிளேட்டிலும் ரெஜிஸ்டர் மார்க் இருக்கும். நாலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் காலண்டரில் சாமி படம் தெளிவு. முடி அளவு நகர்ந்தாலும் உதடு இரண்டாகத் தெரியும்.

கண்ணிலும் அதே பிரச்சினை. சிலிண்டர் பவருக்கு ஒரு கோணம் உண்டு. உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கும்போது இருந்த கோணத்திலிருந்து, படுத்ததும் கண் சில டிகிரி சுழன்றுவிடும். கோணம் 10 டிகிரி தப்பினால் சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். அதனால் நல்ல மெஷின்கள் கருவிழியின் வடிவத்தை முன்கூட்டியே படமெடுத்து, ஆபரேஷன் மேசையில் அதே வடிவத்தோடு பொருத்திப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்யும். லேசர் அடிக்கும்போது கண் அசைந்தால் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை பார்த்துப் பின்தொடரும்.

"அப்ப இதுவும் ரெஜிஸ்டர் மார்க்தானண்ணே" என்றான். அவ்வளவுதான்.

உங்களுக்குச் சிலிண்டர் பவர் கணிசமாக இருந்தால் இந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். சிலிண்டரே இல்லை என்றால், அதுக்குத் தனியாகப் பில் போட்டால் ஏன் என்று கேளுங்க.

இப்போ பணம்

இன்சூரன்ஸ்: மெடிக்ளெய்ம் பாலிசிகளில் ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப் பட்டியலில் 15-வது எண், 7.5 டையாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் சிகிச்சை. பாலிசி பேப்பரில் 'எக்ஸ்க்ளூஷன் 15' என்று இருக்கும். தம்பி 6.5, கிடைக்காது. 7.5-க்கு மேல் உள்ளவர்களுக்கும் தானாகக் கிடைத்துவிடாது. காத்திருப்புக் காலமும் மற்ற நிபந்தனைகளும் பார்க்கணும். ஆபரேஷனுக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்க. கம்பெனி குரூப் பாலிசியில் சில இடங்களில் தளர்வு இருக்கும், ஹெச்ஆரிடம் கேளுங்க.

வருமான வரி: லாசிக் பில்லை 80டி-யில் போட முடியாது. அது இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு உள்ள 5,000 ரூபாயும் அந்த வரம்புக்குள்தான். 80டிடிபி நோய்ப் பட்டியலிலும் இது இல்லை. "வரி மிச்சமாகும் சார்" என்று யாராவது சொன்னால் எந்தப் பிரிவு என்று கேளுங்க.

நோ காஸ்ட் ஈஎம்ஐ: தம்பிக்குச் சொன்னது 8,000 வீதம் 12 மாதம், 96,000. நான் போன் பண்ணி, "மொத்தமா கட்டினா?" என்று கேட்டேன். 88,000 என்றார்கள். அந்த 8,000 வித்தியாசம்தான் வட்டி. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 16.4 சதவீதம். ப்ராசஸிங் ஃபீ 999, ஜிஎஸ்டியோடு 1,179. அதையும் சேர்த்தால் 19 சதவீதம். இதற்குப் பெயர் 'வட்டியில்லாக் கடன்'.

அதே பணத்தை 6.5 சதவீத ஆர்டியில் மாசம் 7,100 போட்டால் 12 மாதத்தில் ஏறக்குறைய 88,200. கையிலிருந்து போனது 85,200. ஈஎம்ஐ-யில் போவது 97,179. வித்தியாசம் சுமார் 12,000 ரூபாய். 24,000 சம்பளக்காரனுக்கு அரை மாசச் சம்பளம்.

திரும்பக் கிடைக்குமா: வருஷத்துக்குக் கண்ணாடிச் செலவு 3,000 என்றால், 88,000-ஐ அது ஈடுகட்ட 29 வருஷம் ஆகும். கான்டாக்ட் லென்ஸ், சொல்யூஷன் எல்லாம் சேர்ந்து 12,000 செலவு பண்ணுகிறவருக்கு ஏழு வருஷம் சொச்சம். கண்ணாடி மட்டும் போடுகிறவருக்கு இது லாபக் கணக்கில் நிற்காது. ஆசைக்கான செலவு என்று ஒத்துக்கொண்டு செய்யலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஆசைக்கான செலவைக் கடனில் செய்யக்கூடாது என்பது நம்ம சேனலின் பழைய பாட்டு.

இன்னொன்று, நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். லாசிக் செய்தவருக்கும் வரும். அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் வயசு, கார்னியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 'வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி வேண்டாம்' என்று யாராவது சொன்னால், படிக்கக் கண்ணாடி வேண்டி வரும் என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்க.

லீவும் செலவுதான். பிஆர்கே என்றால் ஒரு வாரமாவது வேலைக்குப் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்க. லாஸ் ஆஃப் பே ஆகுமா என்று பாருங்க. தூசி, பவுடர் பறக்கும் இடத்தில் வேலை என்றால் டாக்டரிடம் சொல்லி எத்தனை நாள் தள்ளியிருக்கணும் என்று கேளுங்க. முதல் சில மாதம் கண் உலர்வும் பலருக்கு வரும், சொட்டு மருந்துச் செலவையும் எழுதிக்கோங்க.

கேட்க வேண்டியது, வாங்க வேண்டியது

என் கார்னியா தடிமன் எத்தனை? ஆபரேஷனுக்குப் பிறகு அடியில் எத்தனை மைக்ரான் மிஞ்சும்?

ஸ்கேனில் கெரடோகோனஸ் அறிகுறி ஏதாவது இருக்கா?

இருட்டில் என் கண்மணி எவ்வளவு விரியுது? செதுக்கும் வட்டம் எத்தனை மி.மீ.?

ஒரு வருஷமா என் பவர் அரை டையாப்டருக்குள் நிலையா இருக்கா? பழைய கண்ணாடிச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்க.

இந்த ரேட்டில் ஸ்கேன், மருந்து, மறுபரிசோதனை எல்லாம் அடங்குமா? பவர் கொஞ்சம் மிஞ்சினால் மறுபடி செய்யத் தனிக் கட்டணமா?

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்னால் கழற்றணும் என்று கேட்டு அதன்படி போங்க. லென்ஸ் கார்னியாவை அமுக்கி வைத்திருந்தால் ஸ்கேன் தப்பாகக் காட்டும்.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முன் எடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் ஃபார்ம் 16 மாதிரி ஆயுசுக்கும் பத்திரமா வைங்க. 60 வயசில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கார்னியாவின் வளைவை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். லாசிக் செய்த கண்ணில் வழக்கமான சூத்திரம் தப்பாகும். பழைய அளவு கையில் இருந்தால் அந்த டாக்டருக்குப் பெரிய உதவி.

தம்பி என்ன பண்ணினான்?

மதுரை டாக்டர் அவனுடைய பழைய கண்ணாடிச் சீட்டைக் கேட்டார். போன வருஷம் மைனஸ் 5.75, இந்த வருஷம் 6.5. முக்கால் டையாப்டர் ஏறியிருக்கிறது. "பவர் நிக்கலையே தம்பி. இப்ப பண்ணினா திரும்ப ஏறும். ஒரு வருஷம் கழிச்சு வாங்க. அப்பவும் இதே பவர் இருந்தா பிஆர்கே பார்க்கலாம். ரொம்ப ஏறிட்டா ஐசிஎல் யோசிக்கலாம்" என்றார். ஸ்கேனுக்கும் கன்சல்டிங்குக்கும் சேர்த்து அன்றைக்கு ஆன செலவு, அந்த லோனின் ஒரு மாச ஈஎம்ஐ-யில் பாதிகூட இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. விருதுநகர் வந்ததும் கேட்டான்: "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடறீங்களாண்ணே?" சொன்னேன். சித்திக்கு வருத்தம்தான். "கண்ணாடியோட பார்க்கிற பொண்ணு பார்க்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

லோன் பேப்பரில் நான் சைன் போடவில்லை. மறுநாள் ஆர்டி கணக்குக்குப் போட்டான். மாசம் 5,000, தீபாவளி போனஸில் மீதி. அடுத்த வருஷம் அதே ஸ்கேனைத் திரும்ப எடுக்கிறோம். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு. என்ன ஆனது என்று அப்போ எழுதுகிறேன்.